மாமா மாற்றி எழுதிய பிரியாணி

வரலாற்றைத் திருத்துவதுதான் என் மாமாவின் வேலை. அம்மாவுக்குத் தம்பி. முதலில் அவர் கை வைத்தது எங்கள் குடும்பத்தின் மேல்தான். வடாற்காட்டிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்து ரயில்வே பட்டறையில் கரி அள்ளிய கொள்ளுத்தாத்தாவுக்கு, அவர் இறந்து பல காலம் கழித்து மாமா பதவி உயர்வு கொடுத்தார். எனக்கு விவரம் தெரிந்தபோது கொள்ளுத்தாத்தா ரயில் எஞ்சின் ஃபயர்மேன். நான் நாலாம் வகுப்புக்குப் போவதற்குள் நிஜாமின் தனி ரயிலையே ஓட்டத் தொடங்கிவிட்டார்.

வரலாற்றுப் பாடத்தில் தேறாததால் மாமா கொண்டாப்பூரில் ஒரு கால் சென்டரில் சேர்ந்தார். தெரியாத விஷயத்தைத் தயங்காமல் பேசுவதற்கு அங்கே சம்பளமும் கொடுத்தார்கள். வேலை போக மிச்ச நேரத்தில் இணையத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதுவார். என்னைத் தவிர யாரும் படித்ததாகத் தெரியவில்லை. படித்தால் எனக்கு ஐஸ்கிரீம் உண்டு.

சித்தியின் கல்யாணம் நெருங்கிய சமயம், நண்பர் ஒருவர் நடத்திய கேபிள் டிவியில் பேச மாமாவைக் கூப்பிட்டார்கள். கோட்டு மாட்டிக்கொண்டு போனவர், ஹைதராபாத் பிரியாணி பிறந்தது ஆம்பூரில்தான் என்று சாவகாசமாகச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை, கல்யாண விருந்துக்குப் பேசி வைத்திருந்த சமையல்கார பாய் அல்வாலில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

“நான் கைக்கு மியா? ஆம்பூர்லேயிருந்தே மங்காலோ!” என்றார். எதற்கு நான், அங்கிருந்தே வரவழைத்துக்கொள் என்று அர்த்தம். அம்மா கெஞ்சினாள். “நக்கோ பஹன்”, வேண்டாம் சகோதரி என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அம்மா மாமாவின் பக்கம் திரும்பினாள். “என்ன செய்வியோ தெரியாது தம்பி. கல்யாணத்தன்னிக்கு அடுப்புல அண்டா ஏறணும்.”

மாமா இரண்டு நாள் அறைக்குள் ஆராய்ந்தார். மறுபடியும் டிவிக்குப் போனார். புதிய ஆதாரங்களின்படி, தெற்கே போகும் வழியில் காய்ச்சலில் விழுந்த ஒரு ஹைதராபாத் சமையல்காரர்தான், கஞ்சி ஊற்றிய நன்றிக்கு ஆம்பூர்க்காரர்களுக்குப் பிரியாணி கற்றுக் கொடுத்தாராம். பாய் கண் கலங்கிவிட்டார். அண்டா ஏறியது.

ஒரே சிக்கல், மாப்பிள்ளை வீட்டார் ஆம்பூர்க்காரர்கள்.

சர்ச் ஹாலில் மாப்பிள்ளையின் பெரியப்பா முதல் கவளத்தை வாயில் வைத்தபோது, பாயே பெருமையோடு பக்கத்தில் வந்து, தனக்குத் தெரிந்த தமிழில் அந்தக் காய்ச்சல்காரரின் கதையைச் சொன்னார். “இந்த சார்தான் கண்டுபிடிச்சாரு” என்று மாமாவையும் காட்டினார். பெரியப்பா இலையை விட்டு எழுந்தார். அவரோடு அந்த வரிசை முழுவதும் எழுந்தது.

“எங்க ஊருக்கு வந்து கஞ்சி குடிச்சவன் எங்களுக்கே சமையல் சொல்லிக் குடுத்தானா? யாரு சொன்னது? எந்தப் புஸ்தகத்துல இருக்கு?”

“அத எழுதிக்கிட்டிருக்கேங்க,” என்றார் மாமா.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடையிலிருந்து சித்தி கல்யாணப் புடவையோடு இறங்கி வந்தாள். கரண்டியை வாங்கி, பெரியப்பாவின் இலையில் ஒரு பெரிய கறித்துண்டை வைத்தாள். “உக்காருங்க பெரிய மாமா, ஆறிடும்.” புது மருமகள் பரிமாறியதை மறுக்க முடியாமல் அவர் முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். வரிசையும் உட்கார்ந்தது.

மாமாவைக் காணவில்லை. அவமானத்தில் எங்கேயாவது அழுதுகொண்டிருப்பார் என்று பயந்து தேடினேன். கை கழுவும் குழாயடியில் தனியாக நின்றிருந்தார்.

“கேட்டியாடி? முதமுதலா ஒருத்தர் எந்தப் புஸ்தகத்துல இருக்குன்னு கேட்டாரு!”

அவர் முகம் மாப்பிள்ளையின் முகத்தைவிட மலர்ந்திருந்தது. இத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கிய ஒருவருக்கு இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவேயில்லை.