தகப்பன் படுக்கை

மசரூனி ஆற்றின் மேல்பகுதியில் ரூஃபஸ் ஏற்றி இறக்காத சரக்கு கிடையாது. பாதிரியார், பள்ளிக்கூட மேசை, மண்ணெண்ணெய் பீப்பாய், ஒருமுறை உயிரோடு ஒரு பசுமாடு. அந்த மாடு நடு ஆற்றில் எழுந்து நின்றுவிட்டது. அதையும் இவன் சமாளித்தான். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே அடியில் பாறை இருக்கிறதா என்று சொல்லிவிடுவான். ஊரில் இன்ஜின் படகு ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மற்றவன் தங்கம் தோண்டப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான்.

அப்பேர்ப்பட்டவன் அந்த மழைக்காலத்தில் நான்கு நாளாக வலைப்படுக்கையில் கிடந்தான். நோய் நொடி ஒன்றுமில்லை. அவன் மனைவி ஹில்டா பிள்ளை பெற்றிருந்தாள்.

எங்கள் ஜனங்களில் பெற்றவள் மூன்றாம் நாளே எழுந்து மரவள்ளி துருவ உட்கார்ந்துவிடுவாள். தகப்பன்தான் தொப்புள்கொடி விழும்வரை படுத்திருக்க வேண்டும். கத்தி, தூண்டில், இன்ஜின் எதையும் தொடக் கூடாது. மிளகாய் வாயில் படக் கூடாது. உடம்பு அரித்தால்கூட நகத்தால் சொறியக் கூடாது, குச்சியால்தான் சொறிய வேண்டும். பிறந்த குழந்தையின் உயிர் இன்னும் உடம்போடு ஒட்டியிருக்காது. அது தகப்பன் பின்னாலேயே சுற்றும். அவன் மரம் வெட்டினால் வெட்டு அதன்மேல் விழும். பாறைகளுக்கு நடுவே ஆறு சரிந்து பாயும் பாய்ச்சலில் படகு விட்டால் அது தண்ணீரில் தவறி விழும்.

கேட்டுச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளட்டும். ரூஃபஸுக்கு முதல் குழந்தை பிறந்த நான்காம் நாள் கூரை ஒழுகியது. ஒரே ஒரு மரம்தானே என்று கோடாரியை எடுத்தான். எட்டாம் நாள் குழந்தை இல்லை. அதன்பிறகு ஒன்பது வருஷம் ஹில்டாவின் மடி காலி. இப்போதுதான் இந்தப் பையன் வந்திருக்கிறான். ரூஃபஸிடம் போய் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று யார் சொல்வது?

இந்தப் பையன் பிறந்த நான்காம் நாள் காலையில் ரூஃபஸின் தங்கை செலஸ்டின் கஞ்சி கொண்டுவந்தாள். ஹில்டாவின் அண்ணன் நார்பெர்ட்டின் மனைவி அவள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள்.

“என்னண்ணே, இடுப்பு வலி தேவலையா? பால் கீல் கட்டிக்கிச்சா?”

“வாய மூடிட்டுக் கஞ்சிய வை.”

“கோவப்படாதண்ணே. பச்ச ஒடம்புக்காரன் கோவப்பட்டா ஜன்னி கண்டுரும்.”

ஹில்டா சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. செலஸ்டின் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மரவள்ளிக் கொல்லைக்குப் போனாள்.

மதியத்துக்குள் நார்பெர்ட் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். மரவள்ளிக்கு அடியில் சுருண்டிருந்த லபாரியா என்ற விஷப்பாம்பு கணுக்காலுக்கு மேலே கடித்திருந்தது. கால் முழங்கால் வரை வீங்கி, ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. சுகாதார நிலையத்து ரேடியோவில் விமானம் கேட்டார்கள். மேகம் மலையை மூடியிருக்கிறது, ஓடுதளத்தில் தண்ணீர் நிற்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று பதில் வந்தது. விஷமுறிவு மருந்து இருந்தது கீழே, தங்கம் தோண்டுகிறவர்களின் ஊர் ஆஸ்பத்திரியில். இடையில் மூன்று பாய்ச்சல்கள். ஆறு நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது.

நார்பெர்ட் ரூஃபஸ் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. என்னவென்று கேட்பான்? உன் பிள்ளையைக் கொடு என்று கேட்பது போலத்தானே அது. ரூஃபஸ் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தான்; காலைத் தரையில் வைக்கவில்லை. தங்கையா, மகனா என்று கேட்டால் எந்த மனுஷனுக்குத்தான் பதில் தெரியும்?

ஹில்டா குழந்தையைத் துணியால் மார்போடு இறுக்கிக் கட்டினாள்.

“எங்க கெளம்புற?” என்றான் ரூஃபஸ்.

“உன்கூட. இவன் உசுரு எப்பிடியும் உன் பின்னாடிதான் வரும். உடம்பும் கூடவே வந்துட்டா அது ஏன் தண்ணில விழப்போகுது?”

“கிறுக்கா உனக்கு? படகு கவுந்தா?”

“கவுக்காம ஓட்டு. அதுக்குத்தான உன்ன ஊரே மெச்சுது.”

நார்பெர்ட் துடுப்போடு முன்னால் நின்றான். நடுவில் செலஸ்டின் படுத்திருந்தாள். பின்னால் இன்ஜினைப் பிடித்திருந்த ரூஃபஸின் முழங்காலில் ஹில்டா முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். முதல் பாய்ச்சலில் இறங்கியதும் அலை உள்ளே வந்து அடித்தது. ரூஃபஸால் கீழே குனிந்து பார்க்க முடியாது; பாறையிலிருந்து கண்ணை எடுத்தால் எல்லாம் போச்சு.

“இருக்கானா?” என்று கத்தினான்.

“இருக்கான்!”

இரண்டாவது பாய்ச்சலிலும் அப்படித்தான். மூன்றாவதில் இடப்பக்கப் பாறை படகின் விலாவை உரசிக் கிழித்தது. நார்பெர்ட் துடுப்பைப் பாறையில் ஊன்றித் தள்ள, படகு ஒரு சுற்று சுற்றி நேரானது.

“இருக்கானா?”

பதில் வரவில்லை. ரூஃபஸ் மறுபடி கத்தினான். ஹில்டா வாய்க்குள் போன தண்ணீரைத் துப்பிவிட்டு, “இருக்கான்யா, பால் குடிக்கிறான்!” என்றாள்.

ஆஸ்பத்திரியில் செலஸ்டினை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். ஹில்டாவின் மார்பிலிருந்த குழந்தையைப் பார்த்து நர்சு தலையில் அடித்துக்கொண்டாள். “நாலு நாள் புள்ளய வெள்ளத்துல தூக்கிட்டு வந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு தகப்பனா?” ரூஃபஸ் ஆஸ்பத்திரிப் பின்கட்டுக் கொட்டகையில் படுக்கையைக் கட்டிக்கொண்டு மறுபடி படுத்தான். தொப்புள்கொடி இன்னும் விழவில்லை. அந்த ஊர் ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பெற்றவள் துணி துவைக்கிறாள், புருஷன் பிரசவப் படுக்கையில் கிடக்கிறான் என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனைவிக்குக் காவலாக உள்ளே இருந்த நார்பெர்ட், வெளியே வந்து துடுப்பைக் காட்டி அவர்களை விரட்டினான்.

மருந்து ஏற்றினார்கள். ஆனால் வரும்போதே ரத்தம் உறையாத நிலை. மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் செலஸ்டின் இறந்துபோனாள்.

எங்கள் ஜனங்களில் யாரும் அந்நிய மண்ணில் புதைவதில்லை. தன் வீட்டுப் பக்கத்தில், தன் கொல்லை தெரிகிற இடத்தில்தான் படுப்பார்கள். அன்றைக்கே கிளம்பினால்தான் பிணம் தாங்கும். வெள்ளத்தை எதிர்த்து மூன்று பாய்ச்சலிலும் படகை ஏற்றக்கூடிய ஒரே ஆள் கொட்டகையில் கிடந்தான்.

நார்பெர்ட் வந்தான். கையில் இரவல் மண்வெட்டி இருந்தது. அதைப் பார்த்ததும் ரூஃபஸ் படுக்கையிலிருந்து காலை எடுத்துக் கீழே போட்டான்.

“என்ன மச்சான் இது? கெளம்பு. வீட்டுக்குக் கொண்டுபோவோம். ஹில்டாவும் புள்ளயும் அப்பிடியே—”

“பொணத்தோட ஒரே படகுலயா?” என்றான் நார்பெர்ட். “செத்தவ தனியாப் போக மாட்டா, துணைக்கு உன் புள்ள உசுரையும் கூட்டிட்டுப் போயிருவா. அதுவும் அவ. இவன் பொறந்த அன்னிக்கு மடியவிட்டு எறக்கவே மாட்டேன்னா.”

“அப்ப இவங்க இங்க இருக்கட்டும். நான் மட்டும் வரேன்.”

“வந்துட்டு? இவன் உசுரு உன் பின்னாடிதான வரும்?”

ரூஃபஸ் ஹில்டாவின் கையிலிருந்த குழந்தையைப் பார்த்தான்.

“உசுரோட இருந்தவளுக்காக வந்த. அது போதும்,” என்றான் நார்பெர்ட்.

“அவ என் தங்கச்சிடா. இந்த ஊர்ல, யாருன்னே தெரியாதவங்களுக்கு நடுவுல... குழியாவது நான் வெட்டறேன். அந்த மண்வெட்டியக் குடு.”

நார்பெர்ட் மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். மற்ற கையை ரூஃபஸின் நெஞ்சில் வைத்து அழுத்தினான்.

“இரும்பத் தொடாத. படு மச்சான். என் வீடுதான் காலியாச்சு.”

அவன் போய்விட்டான். ஹில்டா குழந்தையை ரூஃபஸின் நெஞ்சில் படுக்கவைத்துவிட்டு அண்ணன் பின்னால் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கு அந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஈரமண், வேர் நிறைந்த மண். தனி ஆளாக வெட்டினால் அரை நாள் ஆகும். ரூஃபஸ் எழுந்திருக்கவில்லை. மகனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வெட்டையும் கேட்டபடி, வாய்விட்டு அழுதான்.