பாட்டு ஒன்று, நான் சொன்னது ஒன்று

எழுபதுகளின் கடைசி. நீலகிரியில் கூடலூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எஸ்டேட்டில் பாதிக்கு மேல் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு, இத்தனை பேர் உங்களுக்கு, இத்தனை பேர் எங்களுக்கு என்று பிரித்ததில் இங்கே வந்து சேர்ந்தவர்கள்.

அவர்களில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், நன்றாகப் பாட்டுக் கட்டுவாள். எழுதத் தெரியாது. கட்டியதை என்னிடம் சொல்லுவாள், நான் நோட்டில் எழுதி வைப்பேன். அவளுடைய அக்காவுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை, இவளுக்கு இந்த நாட்டு பாஸ்போர்ட். கப்பல் ஏறியதோடு சரி, அக்காவைப் பார்க்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான், இங்கே வந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க இலங்கையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வருவதாகத் தகவல் வந்தது. கலை நிகழ்ச்சிக்கு ஏற்பாடானது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதால், நடப்பதை இங்கிலீஷில் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை எனக்கு. அவள் ஒரு கும்மிப் பாட்டுக் கட்டினாள். அதில் இரண்டு அடி இன்னும் எனக்கு மனப்பாடம்.

‘ஆளுக்கு இம்புட்டுன்னு பங்கு வச்சீங்க – எங்க
அக்கா தங்கச்சியக் கேட்டா வச்சீங்க?’

“அந்த நாட்டு ஆளுங்க காதுல ஒரு தடவ விழட்டும் டீச்சர், அது போதும்” என்றாள். அக்காவைப் பார்க்க மனுக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனவள் அவள்.

பாட்டைப் படித்துப் பார்த்த மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. வெளிநாட்டு விருந்தாளிகள், ஏதாவது ஏடாகூடமானால் மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது என்று புலம்பினார். அவர் கோயம்புத்தூர்க்காரர், மோசமான மனிதரும் இல்லை. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

“ஏனுங்க டீச்சர், பாட வேண்டாமுன்னா சனம் சும்மா இருக்காதுங்க. அது பாட்டுக்குப் பாடட்டும். நீங்க இங்கிலீசுல வேற மாதிரி சொல்லிப்போடுங்க.”

அடடா, யாருக்கும் வலிக்காமல் முடிந்துவிடும் என்று எனக்கும் தோன்றியது, பாருங்கள் என் புத்தியை. நிரந்தர ஆர்டர் அவர் கையெழுத்தில்தான் வர வேண்டும் என்பதும் மனதில் இருந்தது. பொய் சொல்வானேன்?

ஃபேக்டரிக்கு முன்னால் பந்தல். அவளும் நாலைந்து பெண்களும் சுற்றி வந்து கும்மி அடித்தார்கள். அந்த இரண்டடி வந்தபோது கூட்டத்தில் பலபேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நானோ விருந்தாளிகளின் காதருகே குனிந்து, பச்சை மலை, பனி, தேயிலைத் துளிர், இரு நாட்டு நட்பு என்று அளந்துகொண்டிருந்தேன். கண்ணீருக்கும் ஒரு காரணம் சொன்னேன். ஆனந்தக் கண்ணீராம்!

பாட்டு முடிந்ததும் அதிகாரிகளில் பெரியவர் எழுந்து நேராக அவளிடம் போனார். சிரித்த முகத்தோடு சிங்களத்தில் ஏதோ பேசினார். அப்போதுதான் எனக்குப் பகீரென்றது. அங்கேயே பிறந்து இருபத்தைந்து வருடம் வளர்ந்தவளுக்குச் சிங்களம் தெரியும் என்பது என் மரமண்டைக்கு எட்டவே இல்லை.

அவள் முகம் வெளுத்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைக் கும்பிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அவர் என்ன சொன்னார் என்று அவளிடம் கேட்டேன்.

“மலையையும் தேயிலையையும் அழகாப் பாடினே, இங்க சந்தோசமா இருக்கேன்னு விளங்குதுன்னாரு.”

“நிஜத்தை நீயே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க பக்கத்துல நிக்கிறீங்க. நான் வாயத் தொறந்தா நீங்கதானே பொய்க்காரி ஆவீங்க? அதான் ‘ஆமா’ன்னுட்டேன்.”

அதில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நாலு நாள் கழித்து அந்த அதிகாரிக்கு உண்மையான அர்த்தத்தை ஒரு கடிதமாக எழுதினேன். கவரில் போட்டு ஒட்டியும்விட்டேன். தபாலில் சேர்க்கத்தான் துணிச்சல் வரவில்லை. அடுத்த மாதம் என் ஆர்டர் வந்தது. அவள் அதற்குப் பிறகு ஒரு பாட்டையும் என்னிடம் சொல்லவில்லை. வழியில் பார்த்தால் “நல்லாருக்கீங்களா டீச்சர்” என்பாள், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்று இப்போது ஊட்டி காந்தலில் இருக்கிறேன். அவளை யாரும் பாடாதே என்று சொல்லவில்லை. மேடை கொடுத்தோம், மைக் கொடுத்தோம், கையும் தட்டினோம். அவள் கேட்ட கேள்வியை மட்டும் போய்ச் சேரவிடாமல் நான் நடுவில் நின்றுவிட்டேன். இன்றைக்கும் பேப்பரில் இரண்டு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்கும் படம் வந்தால், அவர்களுக்கு நடுவே குனிந்து நிற்கும் மொழிபெயர்ப்பாளரின் முகத்தைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.