மஞ்சள் பொட்டு வைத்த குட்டிகள்

அரைத்தீனி தின்ற ஆட்டுக்குட்டிகள் முழுத்தீனிக் குட்டிகளுக்குச் சமமாக வளர்ந்தன. கெட்டது அதுதான். பண்ணையில் தராசு பிடித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: நம் தொழிலில் எடை நன்றாக ஏறினால்தான் சந்தேகம் வரும்.

இடம் கான் தெ மாஸ்க், எங்கள் கரும்புத் தீவில் ஓர் ஊர். தீவின் சுதந்திரத்துக்குச் சில வருஷம் முன்பு. தீனியைக் கூட்டிக் குறைத்தால் குட்டியின் உடம்பில் எலும்பு, கறி, கொழுப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்கும் சோதனை. ஒரு பட்டிக்கு வயிறு நிறைய. இன்னொன்றுக்குப் பாதி. கலந்துவிடாமல் இருக்க, பாதித்தீனிக் குட்டிகளின் நெற்றியில் இங்கிலீஷ்கார மிருக டாக்டர் மஞ்சள் பெயிண்டால் பொட்டு வைத்தார். எடை போடுகிறவன் நான்.

கூடைக்காரன்

முதலில் தராசைச் சந்தேகப்பட்டேன். எடை தெரிந்த சர்க்கரை மூட்டையை ஏற்றிப் பார்த்தேன். தராசு யோக்கியம். மிச்சம், தீனி போடும் மாரிமுத்து. பட்டியை ஒட்டிய பண்ணை வீட்டில் பெண்சாதி பிள்ளைகளோடு இருப்பவன். குட்டி கத்தினால் இவன் முகம் சுருங்கும். அப்படிப்பட்டவனை நம்பலாமா? "ஒளித்து அள்ளிப் போடுகிறாயா?" என்றேன். கூடையைத் தொப்பென்று கீழே வைத்து, தீவின் பேச்சான கிரியோலில் தொடங்கினான்.

"பா ம்வா, அண்ணே! நான் இல்லை. என் பிள்ளைங்களுக்கே பாதிதான் போடுறேன், ஆட்டுக்கா கூட்டிப் போடுவேன்?"

குண்டிக்காய்

டாக்டருக்கும் சந்தேகம். ஒரு மஞ்சள் பொட்டை அறுக்கச் சொன்னார். தீனி குறைந்தால் முதலில் எலும்பு தன் பங்கை எடுத்துக்கொள்ளும், பிறகு கறி. கொழுப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. குண்டிக்காய், அதாவது சிறுநீரகம், மூடாமல் பளிச்சென்று தெரிய வேண்டும். கசாப்புக்காரர் காசிம் பாய் வயிற்றைத் திறந்தார். குண்டிக்காயைக் காணோம். வெள்ளைக் கொழுப்பு போர்த்தியிருந்தது.

டாக்டர் மாரிமுத்துவை முறைத்தார். அடுத்த எடையிலும் இப்படி என்றால் வேலையும் இல்லை, வீடும் இல்லை என்றார். காசிம் பாய் கத்தியைத் துடைத்தார்.

"பட்டினிக் குட்டி என்றீர்கள். இது மாப்பிள்ளை விருந்து தின்ற குட்டி, சார்."

கரும்புக்குள்

மத்தியானம் பட்டியை ஒட்டிய கரும்புக்குள் போய் உட்கார்ந்தேன். பண்ணைக் காவல்காரன்மேல் ஒரு கண், மாரிமுத்துமேல் ஒரு கண். இரண்டு பேரும் வரவில்லை. வந்தது, களையெடுக்கும் பெண்கள். மடி நிறைய, ஆடு விரும்பித் தின்னும் அகாசியாத் தழை. மஞ்சள் பொட்டுக்கு மட்டும் போட்டுவிட்டு, கும்பிட்டார்கள்! பாய்ந்து வெளியே வந்தேன். ஒருத்தியும் ஓடவில்லை. அவர்களில் வாய்க்காரி லெட்சுமி இடுப்பில் கை வைத்தாள்.

"நெத்தியில மஞ்சள் வச்சு அம்மனுக்கு நேர்ந்துவிட்டுட்டு, பட்டினியா போடுறீங்க? வெக்கமா இல்லையா, அண்ணே?"

மண்ணெண்ணெய்த் துணி

டாக்டர் இங்கிலீஷில் கத்தினார். தெரிந்த கிரியோலிலும் கத்தினார். பெண்கள் தலையாட்டினார்கள். மறுநாளும் தழை விழுந்தது. அது வெறும் பெயிண்ட் என்றேன். சாமி குத்தத்துக்குப் பயந்து பொய் சொல்கிறேன் என்றார்கள். யார் போட்டாலும் பட்டிக்கு மாரிமுத்துதான் பொறுப்பு என்றார் டாக்டர். எடை நாளுக்குச் சில வாரமே இருந்தது.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மாரிமுத்துவின் பெண்சாதி கனகம்மா மண்ணெண்ணெய் நனைத்த துணியோடு பட்டிக்குள் இறங்கினாள். வேலிக்கு வெளியே பெண்கள். "அம்மனுக்கு நேர்ந்ததா இருந்தா இந்தக் கை அழுகட்டும்" என்று சொல்லி, ஒவ்வொரு நெற்றியாகத் துடைத்தாள். பிறகு பச்சை பெயிண்டை எடுத்து வாலடியில் பூசினாள். மாரிமுத்து கண்ணை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு பெண்கள் குட்டியைப் பார்க்கவில்லை. தினமும் அவள் கையைப் பார்த்தார்கள். கை அழுகவில்லை. தழை நின்றது. லெட்சுமிக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"சரி, போ. பின்பக்கம் பொட்டு வச்சுக்கிற சாமி எங்க கோயில்ல இல்லை."

எடை நாளில் பச்சைக் குட்டிகள் பின்தங்கின, டாக்டர் சிரித்தார், நான் ஊரையே சந்தேகப்பட்டுக் கிழித்தது ஒன்றுமில்லை, அந்த வேலையையும் வீட்டையும் காப்பாற்றியவள் கனகம்மா.