இன்னும் தேறாத ரீல்

முருகேசனைத் திட்டுவதற்கு வாயில் வார்த்தைகளைத் தயாராக வைத்துக்கொண்டு ஏரி மதகின் மேல் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு வருகிறேன் என்றவன் ஐந்தாகியும் வரவில்லை. என் கையில் தூண்டில் ராடு மட்டும் இருந்தது. அதில் மாட்ட வேண்டிய ரீல் அவனிடம் இருந்தது. அவன் சொல்லும் மூன்று மணி எப்போதும் ஐந்து மணிதான் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் எனக்குக் கவலை இல்லை. கோபம்கூட இல்லை. நான் திட்ட வேண்டும், அவன் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

டீக்கடை கோபால் கரை மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஏறி மிதிக்காமல் ஏன் தள்ளிக்கொண்டு வருகிறான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"இன்னாடா, உங்க அண்ணன் பஸ்ஸ வுட்டுட்டானாமா?" என்றேன்.

"தாத்தா... முருகேசண்ணன் செத்துட்டாரு தாத்தா. திருக்கோவிலூர் பஸ் ஸ்டாண்டுல."

"போடா. காத்தால பேசிட்டுத்தான போனான்" என்றேன். கோபால் சைக்கிளை மதகில் சாய்த்து நிறுத்தினான். "காத்தால பேசிட்டுத்தானடா போனான்" என்று மறுபடியும் சொன்னேன்.

பழுது பார்த்த தையல் மெஷின் ஒன்றைக் கொடுப்பதற்காக முருகேசன் திருக்கோவிலூர் போயிருந்தான். கொடுத்துவிட்டு, கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்காகச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தவன், கருவிப் பையை மடியில் வைத்தபடி அப்படியே இருந்திருக்கிறான். தூங்குகிறான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். பஸ் கிளம்பும் நேரத்தில் கண்டக்டர் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்திருக்கிறது. மாரடைப்பு என்றார்கள். ஐம்பது வயதுகூட ஆகாதவன். எழுபதைத் தாண்டிய நான் அந்த நேரத்தில் மதகின் மேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு எழுத்து வந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்ட நாளிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிப் பார்த்துக் குதூகலமாக இருந்தேன். கெண்டை, கெளுத்தி, குரவை, விரால் என்று வீட்டுச் சுவர் முழுக்கக் கரியால் எழுதினேன். முருகேசன் பெயரையும் ஒரு நாள் எழுதிக் காட்டினேன். "இன்னா மாமா, என்னையும் மீனுங்களோட சேத்துட்ட" என்றான். அந்தப் பெயரை இப்படி ஒரு காரியத்துக்கு எழுதுவேன் என்று நினைக்கவில்லை. மெதுவாகத்தான் எழுதுகிறேன். நம் கரையில் அவனோடு தூண்டில் போட்டவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

வடக்கனந்தலிலிருந்து கல்வராயன் மலை மேல் ஊர்கள் வரை, தையல் மெஷின் இருக்கும் வீடுகளில் அவனை எல்லோருக்கும் தெரியும். கருவிப் பையும் எண்ணெய்க் குப்பியுமாக மொபெட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பான். தூண்டில் ரீல் அவன் கைக்கு வந்ததும் அந்த வழியில்தான். யாரோ ஒருவர் ஓடாத ரீலைக் கொண்டுவந்து, "மெஷின் பாக்குறியே, இத்தயும் பாரேன்" என்று கொடுத்தார். திறந்து பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, பாபின படுக்கப் போட்டு வெச்சிருக்கான்" என்றான். அன்றிலிருந்து தூண்டில் நரம்பு சுற்றும் உருளைக்கும், மெஷினில் நூல் சுற்றும் உருளையைப்போல, நம் கரையில் பாபின் என்றே பெயராகிவிட்டது.

பழைய ரீல் வாங்க வேண்டும் என்றால் எல்லோரும் அவனைத்தான் கூட்டிப்போனோம். ஒரு நாள் கச்சிராயபாளையத்துக்காரர் ஒருவர் ரீல் விற்க வந்தார். முருகேசன் தனக்கே வாங்கலாம் என்று ஏரியில் வீசிப் பார்த்தான். மூன்றாவது வீச்சில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் மாட்டியது. நாங்கள் எல்லோரும் கத்தினோம். அவன் முள்ளைக் கழற்றிவிட்டு மீனை அந்தக் கச்சிராயபாளையத்துக்காரர் கையில் கொடுத்தான்.

"நீ புடிச்ச மீனுப்பா. எனக்கு எதுக்கு?"

"நான் புடிச்சேன். ரீலு இன்னும் உங்களுதுதானங்க? பாத்துக்கினு இருக்கிற வரைக்கும் மாட்டுற மீனு ரீலுக்காரருக்குத்தான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ ரீல எடுத்துக்குற?"

"இல்லிங்க. தேறல. சைடுல ஆட்டம் இருக்குது."

ஒரு கையில் விராலும் ஒரு கையில் விலைபோகாத ரீலுமாக, சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் அவர் கரையேறிப் போனதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்த பிறகுதான் அவன் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு தடவையும் புதிதாக வருகிறது. அன்றிலிருந்து நம் கரையில் அதுவே வழக்கம்: ரீல் தேறும் வரை மாட்டுகிற மீன் எல்லாம் ரீலின் சொந்தக்காரருக்கு.

என் கதைக்கு வருகிறேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, மூங்கில் கழியால் தாமரை இலைகளின் ஓரத்தில் தூண்டில் போடுவது என் பழக்கம். விரால் அங்கேதான் படுத்திருக்கும். போன மழைக்காலத்தில் சேற்றில் முழங்கால் மடங்கி விழுந்தேன். தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். இனி ஏரிக்குள் இறங்கக் கூடாது என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். கரையிலிருந்து வீசினால் என் தூண்டில் பாதி தூரம்கூடப் போகாது. எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. மறுபடி ஒரு விரால் பிடிக்க வேண்டும். முருகேசனிடம் சொன்னேன்.

"கால் போவலன்னா இன்னா மாமா? நரம்பு போவட்டும்" என்றான்.

சில வாரங்கள் கழித்து உளுந்தூர்பேட்டைக்கு வேலையாகப் போனவன், அங்கே ஓட்டலில் பரோட்டா தின்றுகொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவரிடமிருந்து ஒரு பழைய ரீலை வாங்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு ரீல். "பெய்ட்காஸ்ட்டு ரீலு மாமா. கரையில நின்னே தூரமா வீசலாம். வெரால் எலைக்குள்ள பூந்தாலும் இழுத்துக்கினு வரும். சிக்கு விழுது, சனியன், எடுத்துக்கினு போன்னு டிரைவரு குடுத்துட்டாரு" என்றான். நான் கை நீட்டினேன். அவன் தரவில்லை.

"மொதல்ல தேறட்டும். அது வரைக்கும் ரீலு என்னுது. மாட்டுற மீனும் என் வூட்டுக்கு."

"வீசுறது என் கை, திங்கறது உன் வாயா?"

"வோணும்னா தலைய அனுப்பி வெக்கிறேன், கொழம்பு வெச்சுக்கோ."

அவன் ரீலைப் பார்க்கும் விதத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காதோடு வைத்துக் கைப்பிடியை மெல்லச் சுற்றுவான். உள்ளே மணல் கடித்தால் அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். கைப்பிடி பின்பக்கமாகத் திரும்புகிறதா என்று பார்ப்பான். நரம்பைப் பிடித்து இழுத்து, திணறித் திணறி வருகிறதா, ஒரே சீராக வருகிறதா என்று பார்ப்பான். பிறகு நரம்பின் முனையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டு, ரீலின் பக்கவாட்டில் உள்ள திருகைத் தளர்த்துவான். பழம் மெல்ல இறங்க வேண்டும். அது தரையைத் தொட்டதும் பாபின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் சுற்றினால் நரம்பு பொங்கிச் சிக்கு விழும்.

இந்த ரீல் எல்லாவற்றிலும் நன்றாக நடந்துகொண்டது. அறுவடை முடிந்த வயலில் போய் முதல் வீச்சு வீசினேன். எலுமிச்சம்பழம் பறந்தது. பாபின் பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றியது. நரம்பு பொங்கி, தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி ரீலின் மேல் உட்கார்ந்தது. நான் செய்த தப்பு என்று நினைத்தேன். முருகேசன் ரீலின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"உன் தப்பு இல்ல மாமா. உள்ள பிரேக்குக்கட்ட இருக்குது பாரு, அது உரசுனாத்தான் பாபின் அடங்கும். மெஷினுன்னு நெனச்சிக்கினு அங்கயும் எண்ணெய வுட்டுட்டேன்!"

உரசுகிற இடம் எதைக் கண்டாலும் எண்ணெய் விடுவது அவன் கையில் ஊறிய பழக்கம். சிக்கைக் கொண்டுபோய் அவன் மனைவி சாந்தியிடம் கொடுத்தோம். தையல் வேலை செய்கிறவள். மொட்டை ஊசியால் ஒவ்வொரு இழையாக எடுத்துக்கொண்டே, "ரவிக்க தெக்கறதா, உங்க ரெண்டு பேரு சிக்க எடுக்கறதா? இந்த ரீலு தேறுதோ இல்லியோ, நீங்க தேறமாட்டீங்க" என்றாள். முருகேசன் பிரேக்கைப் பெட்ரோலில் துடைத்துக் காயவைத்தான். தலையைக்கூடத் தூக்கவில்லை.

அடுத்த தடவை வயலில் ஒரு முறத்தை வைத்துவிட்டு, அதில் பழம் விழ வேண்டும் என்றான். நான் பயத்தில் கட்டைவிரலால் பாபினை அழுத்தி அழுத்திப் பிடித்தேன். பழம் பாதி வழியில் விழுந்தது.

"பாபின புடிக்காத மாமா. தொட்டுக்கினு மட்டும் இரு" என்றான்.

தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். பழம் முறத்தில் போய் டப் என்று விழுந்தது. எழுபது வயதுக்கு மேல் நான் அப்படி ஒரு கூச்சல் போடுவேன் என்று எனக்கே தெரியாது. வயலில் மேய்ந்த ஆடுகள் மிரண்டு ஓடின. "சரி, தரையில தேறிடுச்சு. தண்ணியில பாத்துட்டா முடிஞ்சிது. திருக்கோவிலூர் போயிட்டு வந்து மூணு மணிக்கு மதகாண்ட நிப்பேன்" என்றான். அன்று காலையில் அவன் சொன்ன அந்த மூன்று மணிதான் நான் மேலே சொன்னது.

கிடத்தியிருந்த இடத்தில் அவனைப் பார்த்தேன். குளிப்பாட்டிய பிறகும் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் எண்ணெய்க் கறுப்பு இருந்தது. காலையில் வேலை செய்த கை. நான் அழவில்லை. மதகில் தயாராக வைத்திருந்த திட்டுதான் வாயில் வந்தது. "மூணு மணின்னு சொன்னியேடா" என்றேன். அவன் சிரிப்பான் என்று கொஞ்ச நேரம் நின்றேன். உண்மையாகவே நின்றேன்.

கருமாதி முடிந்து சில நாள் கழித்துச் சாந்தி கூப்பிட்டு அனுப்பினாள். தைத்து மீந்த பூப்போட்ட துணியில் அந்த ரீலைச் சுற்றி வைத்திருந்தாள்.

"எடுத்துக்கினு போங்க பெரியப்பா. உங்களுக்குன்னுதான் வாங்கியாந்தாரு."

"அது இன்னும் தேறலியேம்மா."

"அப்ப தேற வையுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் ஏரிக்குப் போனேன். மலையில் மழை பெய்து தண்ணீர் செம்மண் கலங்கலாக வந்திருந்தது. விராலுக்கு இரையாக ரப்பர் தவளையைக் கட்டினேன். அவன் செய்ததுபோல் தொங்கவிட்டு, திருகைச் சரிசெய்து, தொட்டுக்கொண்டு மட்டும் இருந்து வீசினேன். என் கால் போக முடியாத தாமரை இலை ஓரத்தில் தவளை போய் விழுந்தது. இரண்டு இழுப்பு இழுத்திருப்பேன். தண்ணீர் வெடித்தது. ராடு வளைந்தது. விரால் இலைக்குள் புகுந்தது. அவன் சொன்னதுபோலவே ரீல் அதை இலைகளோடும் கொடிகளோடும் இழுத்துக்கொண்டு வந்தது. சிக்கு இல்லை, திணறல் இல்லை. மீன் கரையில் விழுந்து துள்ளியபோது, "டேய், பாத்தியாடா!" என்று பக்கத்தில் திரும்பிக் கத்தினேன்.

மதகின் மேல் யாரும் இல்லை. கோபால் வந்து சொன்ன அன்றைக்கு விழாத அடி அப்போதுதான் என் மேல் விழுந்தது. மீன் துள்ளி அடங்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மீனை எடுத்துக்கொண்டு சாந்தி வீட்டுக்குப் போனேன். ரீல் அவனுடையது, மீன் அவன் வீட்டுக்கு. அதில் எனக்குக் குழப்பம் இல்லை. அவள் மீனைப் பார்த்தாள், ரீலைப் பார்த்தாள்.

"தேறிடுச்சா பெரியப்பா?"

தேறிவிட்டது என்று சொன்னால் ரீல் என்னுடையதாகிவிடும். அவனுக்கும் எனக்கும் நடுவில் முடிக்காமல் இருந்த ஒரே வேலையும் முடிந்துவிடும்.

"இல்லம்மா" என்றேன். "சைடுல ஆட்டம் இருக்குது."

சாந்தி ரீலை வாங்கிக் காதோடு வைத்துக் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினாள். எத்தனையோ மெஷின் சத்தம் கேட்ட காது. ஆட்டம் எதுவும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா பெரியப்பா. கொஞ்சம் ஆட்டம் இருக்குது" என்றாள்.

அங்கேயே உட்கார்ந்து மீனை அரிந்தாள். தலையைத் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி என்னிடம் நீட்டினாள். "தலைய உங்களுக்குத் தந்துடணும்னு சொல்லிக்கினு இருந்தாரு" என்றாள்.

அதற்குப் பிறகும் அந்த ரீலில் விரால் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவள் கேட்கிறாள். ஒவ்வொரு தடவையும் நான் இல்லை என்கிறேன். கரையில் என்னைப் பார்க்கிறவர்கள், இவ்வளவு நல்ல ரீலை இன்னுமா பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்காதீர்கள். அவனிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். ராடு என்னுடையது. ரீல் முருகேசனுடையது.