முன்னால் வண்டி இல்லாதவர்

"தேவன் உலகத்தை உண்டாக்கினார் என்றால், தேவனை உண்டாக்கியது யார்? பதில் கிடைக்க ஜெபிக்கவும்."

எங்கள் சபையின் ஜெபப் பெட்டியில் விழுந்த சீட்டு இது. தேதி இருக்கிறது, பெயர் எழுதும் இடம் காலி. கையெழுத்து என் மனைவி கிரேஸுடையது. சீட்டை என் நாட்குறிப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அவள் வேங்கிக்காலில் அறிவியல் ஆசிரியை. வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் சபை வழக்கப்படி சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டாள்.

ஞாயிறு ஆராதனையில் மூப்பர், நோயாளிகளின் சீட்டுகளோடு அதையும் வாசித்தார். "நம்ம நடுவுல சந்தேக ஆவி புடிச்சவங்க இருக்காங்க. எழுதினவங்க கை தூக்குங்க, வெரட்டிடலாம்" என்று மைக்கில் சொன்னார். கிரேஸ் கை தூக்கினாள். சூழ்ந்து நின்று, அவள் தலைமேல் கைவைத்துக் கத்தினார்கள். அப்போது காலை 11.40.

என் கோபம் இன்றும் அடங்கவில்லை. வானத்தையும் பூமியையும் உண்டாக்கியவர் ஒரு துண்டுச் சீட்டுக்குப் பயப்படுவாரா? பயந்தது நாம். நமக்குப் பதில் தெரியாத வெட்கத்தை அவள் தலையில் ஏற்றினோம். நாம் என்றுதான் சொல்கிறேன். நானும் எழுந்து தடுக்கவில்லை.

அவள் சபைக்கு வருவதை நிறுத்தினாள். வீட்டு ஜெபத்துக்குக் கூப்பிட்டால், "நீங்க பண்ணுங்க. எனக்குத்தான் பேய் புடிச்சிருக்கே" என்று சமையலறைக்குப் போய்விடுவாள். ஏழு வாரம். படித்த புத்தகங்களிலிருந்து நான் சொன்ன வாதம் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. நொறுங்கிப்போனேன். "ஆண்டவரே, அவளுக்குப் பதில் கொடும். என் வாயால் வேண்டாம்" என்று மட்டும் தினமும் கேட்டேன்.

எட்டாவது வாரம், பௌர்ணமி. கீழ்பென்னாத்தூரில் அவள் தம்பி வீட்டுக்குப் போய்ப் பேருந்தில் திரும்பினோம். கிரிவலக் கூட்டத்துக்காக ஊருக்கு வெளியே பேருந்துகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மாலை 4.20 முதல் எதுவும் அசையவில்லை.

"எப்பண்ணா எடுப்பீங்க?" என்றாள் கிரேஸ்.

"முன்னாடி வண்டி எடுத்தாத்தானம்மா நான் எடுக்க முடியும்?" என்றார் ஓட்டுநர்.

அவள் இறங்கிப் போய் முன்வண்டிக்காரரைக் கேட்டாள். அதே பதில். அதற்கு முன்வண்டியிலும் அதே. திரும்பி வந்து, "எல்லாரும் இதையே சொன்னா, வரிசை எவ்ளோ நீளமா இருந்தா இன்னாங்க? ஒண்ணும் நகராது" என்றாள்.

5.05க்கு வரிசை நகர்ந்தது. என் கையை இறுகப் பிடித்தாள்.

"முன்னாடி வண்டியே இல்லாத ஒருத்தர் எடுத்திருக்காருங்க. அவருக்கு முன்னாடி யாருன்னு கேட்டா, இன்னொரு வண்டியத்தான சேக்கறோம்?"

கண்ணை மூடி, அங்கேயே ஜெபித்தாள். கண்ணீர் வழிந்தது. "வண்டி எடுத்ததுக்கே சாமி கும்புடறாங்கப்பா!" என்றார் நடத்துநர். பேருந்தே சிரித்தது. "அதுக்கேதாண்ணா" என்றாள் அவள்.

அடுத்த ஞாயிறு அதே மைக்கில் இதைச் சொன்னேன். நடந்தது தவறு என்றும் சொன்னேன். இரண்டு வாரம் முகம் கொடுக்காத மூப்பர், பிறகு வீட்டுக்கு வந்தார். "சிஸ்டர், எனக்கும் பதில் தெரியாது. அதான் சத்தம் போட்டேன்" என்றார். இப்போது கேள்விச் சீட்டுகளை யாரும் விரட்டுவதில்லை. புதன்கிழமைகளில் உட்கார்ந்து பேசுகிறோம். கிரேஸ்தான் வாசிக்கிறாள். கர்த்தருக்கு நன்றி.

உங்களிடமும் கேள்வி இருந்தால், பெயரோடு எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னே இருப்பவர் அதற்குக் கோபிக்கமாட்டார்.

ஒன்று மட்டும் பாக்கி. அன்று வரிசையின் முதல் வண்டியை ஓட்டுநர் தாமாக எடுத்தாரா, காவலர் விசிலடித்தாரா என்று பேருந்துப் பணிமனையில் இரண்டு முறை விசாரித்தேன். விசில் என்றால், அந்தக் காவலருக்கு உத்தரவிட்டவரைத் தேடவேண்டும். இன்றுவரை உறுதியாகவில்லை. நாட்குறிப்பிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.