தட்டின் இடப்பக்கம்

சென்ற ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடையாற்றில் ஒரு மருத்துவமனை கேன்டீனில் ஓர் ஆட்டோக்காரர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை, வலப்பக்கம் மட்டும் மழித்த முகம். தட்டின் வலப்பக்கத்து இட்லிகளைத் தின்றுவிட்டு, "இன்னாமே, அவ்ளோதானா?" என்றார். கூட வந்திருந்த மனைவி தட்டைத் திருப்பி வைத்ததும் மீதி இட்லிகளைச் சாப்பிட்டார்.

"ஸ்ட்ரோக் வந்ததுலேர்ந்து இப்டித்தான் சார். கண்ணு நல்லாத்தான் கீது, மூளைதான் இடப்பக்கத்தைக் கண்டுக்க மாட்டேங்குது. 'நெக்லெக்ட்'டுன்னு பேராம்" என்றார் மனைவி. மறுபடி ஆட்டோ ஓட்டலாமா என்று மருத்துவர் அன்று சொல்வாராம்.

"இடப்பக்கம் இருட்டாத் தெரியுதா?" என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"உனுக்கு முதுகுக்குப் பின்னால இருட்டாவா தெரியுது சார்?"



மருத்துவரைப் பார்க்க எழுந்தவர், "எங்கமே போயிட்ட?" என்று வலப்பக்கம் தேடினார். இடது தோளை ஒட்டி நின்றிருந்த மனைவி, வலப்பக்கமாகச் சுற்றி வந்தார்.