மாமா வெளுத்த பதினொரு முகங்கள்

வளைகுடா நாட்டில், குதைபியா பகுதியில் மாமா நடத்திய ஸ்டூடியோவில் மூன்று நாற்காலிகள், இரண்டு விளக்குகள், ஒரு திரைச்சீலை. எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அந்தச் சின்ன வயதிலேயே உண்டு. இப்போது மருமகளுக்கு அது எரிச்சலாக இருக்கிறது. மாமா உம்மாவின் தம்பி, கீழக்கரையிலிருந்து வந்தவர். பெண் வீட்டுக்கு அனுப்பும் படங்களில் முகத்தை வெளுத்துத் தருவதில் அவருக்கு நல்ல பெயர். கருத்த மாப்பிள்ளைகள் அவர் கையில் கோதுமை நிறமானார்கள்.

துறைமுகத்தில் நின்ற அமெரிக்கக் கப்பலிலிருந்து ஒரு கறுப்பினத்தவர் ஒருநாள் வந்தார். கப்பற்படையில் வேலை. அவர் கொண்டுவந்த பழைய படத்தில் பதினொரு கறுப்புச் சிப்பாய்கள் நின்றார்கள். மூன்றாவதாக நின்றவர் அவருடைய தகப்பனார், முதல் உலகப் போருக்குப் போனவர். அவருடைய ஊர்த் தேவாலயத்தில் அப்படிப்பட்டவர்களின் படங்களைச் சேர்க்கிறார்களாம். இதற்கு ஒரு நகல் வேண்டும். எண்ணெய்க் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த வாப்பாதான் அவருடைய ஆங்கிலத்தை மாமாவுக்குச் சொன்னார்.

அசலில் கறை இருந்தால் நகல் எப்படி நன்றாக வரும்? மாமா முதலில் அசலைச் சரிசெய்தார். கறையைப் பிளேடால் சுரண்டினார். கை பழகிய வேலை, கறையோடு நிற்கவில்லை. பதினொரு முகங்களையும் வெளுக்கும்வரை சுரண்டி, மேலே இளஞ்சிவப்பு பூசினார்.

வந்தவர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

“இதுல அவரோட வாப்பா இல்லைங்கிறார், மச்சான்,” என்றார் வாப்பா.

“மூணாவதா நிக்கிறாரே, கண்ணு தெரியலியா அவருக்கு?”

வந்தவர் மேலும் சொன்னார். ராணுவம் போட்ட புத்தகங்களில் இந்தப் பதினொரு பேரும் கிடையாது. போருக்குப் போனார்கள் என்று காட்ட இந்த ஒரு படம்தான் இருந்தது. இதை வாப்பா தலையைக் குனிந்துகொண்டு தமிழில் சொன்னார்.

“கருப்பா விட்டா எவன் மதிப்பான்? நல்லதுக்குத்தான் செஞ்சேன்னு சொல்லுங்க,” என்றார் மாமா.

வாப்பா அதைச் சொல்லவில்லை. அந்த மனிதர் பிளேடு வைத்திருந்த மாமாவின் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். இரண்டும் ஏறக்குறைய அவர் நிறம்தான். படத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அவர் மேல்தான் கோபம். பதினொரு பேரை அவ்வளவு அழகாக்கித் தந்தும் ஒரு நன்றி கிடையாது. அன்று சாயங்காலமே, அவர்களைப் போலவே என்னையும் ஒரு படம் எடுத்துத் தரும்படி மாமாவிடம் கேட்டேன். சந்தோஷமாக எடுத்தார். சந்தோஷமாகச் சுரண்டினார்.

அந்த வயதில் என்னை எடுத்த படம் அது ஒன்றுதான். இப்போது மகன் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. இது யார் என்று பேரன் கேட்கிறான். நான்தான் என்கிறேன். அவன் நம்புவதில்லை.